எட்டாம் நம்பர் தீம்பாரில் விசில் ஊதியது யார்

எங்கள் தோட்டத்துக்காரர்களின் ஒன்றுகூடல் இந்த வருடம் கோயில் திருவிழாவோடு சேர்ந்து நடக்கப் போகிறது. மலர் ஒன்றும் போடுகிறார்கள். அதற்காகப் பழைய ஆட்களின் பெயர்ப் பட்டியலைத் தயார் செய்கிற யாழினி, ரவாங்கில் ஆபீஸ் வேலை பார்க்கிற பெண், அதை எனக்கு வாட்சாப்பில் அனுப்பி எழுத்துப் பிழை இருந்தால் சொல்லச் சொன்னாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிசையாகப் படித்தேன். பதினேழாவது பெயர், 'விசில் காளியப்பன், எட்டாம் நம்பர் தீம்பார், இப்போது கெர்லிங்கில்.' பிழை ஒன்றும் இல்லையம்மா என்று பதில் போட்டுவிட்டேன். அதன் பிறகுதான் அவள் போன் செய்து கேட்டாள்.

"ஆன்ட்டி, விசில் தாத்தாவுக்கு ஏன் அந்தப் பேரு? நீங்கதானே அவங்களுக்கு மண்டோரு? ஒரு பக்கம் எழுதிக் குடுங்களேன், ஜாலியா இருக்கும் லா."

கேட்கிறவர்களுக்கு ஜாலியாகத்தான் இருக்கும். அந்தப் பெயரை அவருக்கு வைத்தவளே நான்தான். பிழை இல்லை என்று வாய் கூசாமல் சொன்னவளும் நான்தான். இரண்டு நாள் யோசித்தேன். பிறகு பேரனின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். ஒரு பக்கத்தில் அடங்காது, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தெரியாதவர்களுக்காக: நான் சரோஜா. இப்போது செரண்டாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். புக்கிட் ரோத்தானிலிருந்து உள்ளே தள்ளி இருந்த நம் ரப்பர் தோட்டத்தில் பதினாறு வயதில் அம்மாவோடு மர வரிசைக்கு, நாங்கள் சொல்கிற நிரைக்கு, போனவள். கட்டைக்குக் காயம் படாமல் பட்டையைச் சீவக் கற்றுக்கொள்ள ஒரு வருடம், கைக்கு வேகம் வர இன்னொரு வருடம். அதற்குப் பிறகு வருடங்கள் ஒன்று போலவே ஓடின. தோட்டத்தை நம்பர் போட்டுப் பிரித்த காட்டுப் பகுதிதான் தீம்பார், அங்கே ஆட்களை வேலை வாங்குகிறவர் மண்டோர். எண்பதுகளின் நடுவில் எட்டாம் நம்பர் தீம்பாரின் மண்டோர் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டு வேலையை விட்டார். அவர் இடத்துக்கு அடுத்த ஆள் காளியப்பன் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். ராகவன் கிராணியார் என்னைக் கூப்பிட்டு, ஆறு மாதம் நீ பார், சரியாக வந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் பழையபடி மரம் சீவுகிற உளியைப் பிடி என்றார். பொம்பளை மண்டோரா என்று ஆண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. காளியப்பன் மட்டும் முணுமுணுக்கவில்லை. என்னைப் பார்த்து, "வாங்க மண்டோரம்மா," என்று கையெடுத்துக் கும்பிட்டார். அது மரியாதையா கிண்டலா என்று எனக்குப் புரியவில்லை. கிண்டல் என்றே எடுத்துக்கொண்டேன்.

ராகவன் கிராணியாரைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை நிற்காது. அவர் வெளிக்காட்டுக் கிராணி, அதாவது தீம்பார் வேலை முழுக்க அவர் பொறுப்பு. காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரை வெள்ளைக் காலுறை, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. பால் ஸ்டோரில் நாங்கள் கொண்டு வருகிற பாலை அவர் சோதிப்பதைப் பார்க்க வேண்டும். கரண்டியால் கலக்கி, ஒரு குவளை மொண்டு, அளந்து தண்ணீர் ஊற்றி, அதற்குள் பாலின் கெட்டியைக் காட்டுகிற கண்ணாடிக் குச்சியை மிதக்க விடுவார். அது ஆடி அடங்கும் வரை மூச்சுக்கூட விடமாட்டார். பிறகு குனிந்து, கண்ணைப் பாலின் மட்டத்துக்குக் கொண்டு வந்து, எண்ணைப் படிப்பார். யார் முகத்தையும் பார்த்து எண்ணைச் சொல்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது. தப்புக் கண்டால் திட்ட மாட்டார். பையிலிருந்து சின்னப் புத்தகத்தை எடுத்து, "எழுதிக்கிறேன்," என்பார். அவ்வளவுதான். திட்டு வாங்கினால் சாயங்காலத்துக்குள் மறந்துவிடலாம். கிராணியார் எழுதியதை யாரும் மறக்க முடியாது.

மண்டோர் வேலையில் முக்கியமானது விசில். விடிவதற்கு முன்னே ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நின்று பெயர் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள், ஆளுக்கொரு நிரையில் மரம் சீவி முடிக்க ஒன்பது மணிக்கு மேல் ஆகும். சீவிய மரத்திலிருந்து பால் சொட்டுச் சொட்டாக மங்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். மங்கு என்பது மரத்தில் கட்டியிருக்கிற பால் கிண்ணம். சீவி முடித்தவர்கள் நிரை ஓரத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக் காத்திருக்க வேண்டும். பத்தரைக்கு நான் விசில் ஊதுவேன். அதற்குப் பிறகுதான் வாளியைத் தூக்கிக்கொண்டு பாலெடுக்கக் கிளம்பலாம். முன்னாலேயே எடுத்துவிட்டால் பின்னால் சொட்டுகிற பாலெல்லாம் மங்கிலேயே உறைந்து கட்டிப்பால் ஆகிவிடும், எடை குறையும். கைக்கடிகாரம் கட்டி வருகிறவர்கள் குறைவு. பால் பட்டால் வாரெல்லாம் பிசுபிசுத்துப் போகும். ஆகவே எல்லார் காதும் என் விசிலுக்குத்தான் திறந்திருக்கும். பக்கத்துத் தீம்பாரின் விசிலோடு குழம்பக் கூடாது என்று எனக்கென்று ஒரு ஊதல் வைத்துக்கொண்டேன். ஒரு நீளம், இரண்டு குட்டை. அந்த ஊதலில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

இனி அந்தப் பறவை. காளியப்பன் அதைக் கரிச்சான் என்பார். பால் லோரி ஓட்டுகிற ஹம்சா மூராய் என்பார். மருமகள் போனில் தேடிப் பார்த்து, புத்தகத்தில் குண்டுக்கரிச்சான் என்று போட்டிருப்பதாகச் சொன்னாள். எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி எந்நேரமும் திரிகிற பறவைதான், ஆனால் நான் அதை உற்றுப் பார்த்தது அந்த வருடம்தான். மைனாவைவிடச் சிறியது. ஆண் பறவைக்குத் தலை, நெஞ்சு, முதுகு எல்லாம் கருப்பு. வெயில் பட்டால் அந்தக் கருப்புக்குள் நீலம் தெரியும். வயிறு சுத்த வெள்ளை. இறக்கையில் தோளிலிருந்து நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை, ராகவன் கிராணியார் சட்டைக்குப் போடும் இஸ்திரி மடிப்பைப் போல நேராக இருக்கும். பெண்ணுக்குக் கருப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல். வாலைச் சும்மா வைத்துக்கொள்ளவே தெரியாது. தரையில் இறங்கி இரண்டு தத்து தத்தும், தலையைச் சாய்த்துக் காய்ந்த இலைக்குள் உற்றுப் பார்க்கும், ஒரு புழுவை இழுத்தெடுக்கும், உடனே வாலை நெட்டுக்குத்தாகத் தூக்கி நிறுத்தி, 'பார்த்தாயா' என்று கேட்பதுபோல நிற்கும். இன்னொரு ஆண் தன் எல்லைக்குள் வந்துவிட்டால் நெஞ்சை நிமிர்த்தி, வாலை விரித்து, ஒரு சண்டியர் நடை நடக்கும். கையளவு உடம்புக்கு அவ்வளவு வீறாப்பு.

பாட்டைச் சொல்ல வேண்டும். பெரட்டுக்கு நாங்கள் நிற்கிற இருட்டிலேயே தொடங்கிவிடும். உயரமான மொட்டைக் கிளையாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, இழுத்து இழுத்து, ஒரே மெட்டை இரண்டு தடவை பாடாமல் பாடும். அடைகாக்கும் மாதங்களில் கேட்கவே வேண்டாம், பொழுதெல்லாம் கச்சேரிதான். மற்ற பறவைகளின் குரலையும் திருடிக்கொள்ளும். ஹம்சா சொல்வார், ஓயாமல் பேசுகிறவர்களை மலாய்க்காரர்கள் 'மூலுட் மூராய்' என்பார்களாம், மூராய் வாய் என்று. தீம்பார் முழுக்கக் கேட்கக் கத்துகிற என்னையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். நானும் சிரித்துக்கொள்வேன்.

மண்டோர் ஆகி மூன்றாம் மாதம் இருக்கும். ஒரு நாள் பத்து மணிக்கெல்லாம் பாதிப் பேர் பாலெடுத்து முடித்து நிற்கிறார்கள். நான் விசிலை இன்னும் வாயிலேயே வைக்கவில்லை. கேட்டால், "நீதானே ஊதுன," என்கிறார்கள். ஸ்டோரில் எடை குறைந்தது. கிராணியார் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புத்தகத்தை எடுத்தார். "எழுதிக்கிறேன்." மூன்று நாள் கழித்து மறுபடியும் அதே கதை. அதற்கடுத்த வாரம் இரண்டு தடவை. சீக்கிரம் வீட்டுக்குப் போகப் பொம்பளை மண்டோர் சீக்கிரம் ஊதுகிறாள் என்று பேச்சு கிளம்பியது. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆறு மாதத்தில் பாதி போயிருந்தது. இப்படியே போனால் உளிக்குத் திரும்ப வேண்டியதுதான், அதுவும் எல்லார் சிரிப்புக்கும் நடுவில்.

சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று ஒவ்வொருவராக விசாரித்தேன். எல்லாரும் ஒரே பக்கத்தைக் காட்டினார்கள். காளியப்பன் நிரைப் பக்கம். காளியப்பன் விரலை வாயில் வைத்து ஊதினால் சினிமாப் பாட்டு முழுசாக வரும். என் ஊதலையும் லயத்துக் குழாயடியில் ஊதிக் காட்டிப் பெண்களைச் சிரிக்க வைத்தவர்தான். சந்தேகத்துக்கு மேல் சந்தேகமாக, கிராணியாரின் எடைக் கணக்கைப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. விசில் முந்திக் கேட்ட நாள்களில் எட்டாம் நம்பரில் எல்லாருக்கும் எடை குறைந்திருந்தது, காளியப்பனுக்கு மட்டும் குறையவே இல்லை. ஊதியவனுக்குத்தானே அது பொய் விசில் என்று தெரியும்? எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

மறுநாள் பெரட்டில், மொத்த ஜனமும் நிற்க, கிராணியாரும் நிற்க, காளியப்பனைப் பிடித்துக்கொண்டேன். என் வேலையைப் பறிக்கத்தானே இந்த வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நான் ஊதலன்னா நம்புவியா?"

"எட்டாம் நம்பர்ல வேற யாருக்கு அப்புடி ஊதத் தெரியும், காளியண்ணே?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தீம்பார்ப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "செரி, நான்தான்னு வச்சுக்க," என்றார்.

"கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்? இனிமே இவரு வெறும் காளியப்பன் இல்ல. விசில் காளியப்பன்," என்றேன்.

கொல்லென்று சிரித்தார்கள். கிராணியார் எழுதிக்கொண்டார். அந்த வாரமே காளியப்பனுக்கு ஆபீசிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வழக்கம்போல் நிரைக்குப் போனார்.

இரண்டு நாள் கூட ஆகவில்லை, மறுபடியும் விசில். இன்னொரு தடவை மாட்டினால் அவருக்கு வேலையே போய்விடும், அதையும் மதிக்காமல் ஊதுகிறார் என்றால் எவ்வளவு கொழுப்பு என்று எனக்குத் தலைக்கேறிவிட்டது. கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்து, அடுத்த நாள் ஒன்பதரைக்கே அவர் நிரைக்குப் போய் ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கொசு பிடுங்கியெடுத்தது. காளியப்பன் பத்தடி தூரத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். வாய் நிறைய வெற்றிலை. ஒரு கையில் காப்பிப் போத்தல், மறு கை முழங்காலில் கிடந்தது.

விசில் கேட்டது. ஒரு நீளம், இரண்டு குட்டை.

காளியப்பனின் வாய் அசையவில்லை. நான் அண்ணாந்து பார்த்தேன். அவர் தலைக்கு மேலே, பட்டுப்போன மரத்தின் மொட்டைக் கிளையில் அந்தக் கரிச்சான். மறுபடியும் ஊதியது. நீளத்துக்கு வாலைத் தூக்கி நிறுத்தியது, குட்டைக்கு ஒரு வெட்டு, அடுத்த குட்டைக்கு இன்னொரு வெட்டு. பிறகு தன் சொந்தப் பாட்டுக்குப் போய்விட்டது. விடியற்காலையிலும் அது இதை ஊதியிருக்கும். ஆனால் அப்போது எல்லாரும் பேச்சும் வேலையுமாக இருப்பார்கள், பாட்டோடு பாட்டாகப் போயிருக்கும். பத்து மணி அமைதியில், விசிலுக்காகவே காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அது மட்டும் தனியாகக் கேட்டிருக்கிறது. என்னிடம் கற்றுக்கொண்டதா, என்னைக் கேலி செய்ய ஊதின காளியப்பனிடம் கற்றுக்கொண்டதா, அது அந்தப் பறவைக்குத்தான் தெரியும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மரத்தைவிட்டு வெளியே வந்தேன். காளியப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, மெதுவாகப் பேசு என்று கையைக் காட்டினார். அந்தப் பட்ட மரத்தில் இடுப்பு உயரத்தில் ஒரு பொந்து இருந்தது. எட்டிப் பார்த்தேன். வேரும் நாரும் போட்டு மெத்தை மாதிரி ஒரு கூடு, அதில் நான்கு குஞ்சுகள், அப்போதுதான் இறகு முளைத்தவை. என் நிழல் விழுந்ததும் அம்மா வந்துவிட்டாள் என்று நான்கும் வாயைத் திறந்தன. சாம்பல் நிறப் பெண் பறவை வாயில் ஒரு பச்சைப் புழுவோடு பக்கத்துக் கிளையில் நின்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தது.

தெரிந்தும் ஏன் அண்ணே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா கிராணியாரு வந்து பாப்பாரு. பட்ட மரத்த இன்னும் சாய்க்காம என்ன பண்றீங்கன்னு எழுதிக்குவாரு. மறுநாளு கோடாலி வந்துரும். இன்னும் பத்து நாளு, எல்லாம் பறந்துரும். அது வரைக்கும் நானே ஊதுனதா இருந்துட்டுப் போறேன்."

நான் அழுதுவிட்டேன். பெரட்டில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். குஞ்சுகள் பறக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார் அவர்.

அதுவரை பொய் விசிலை நிறுத்த வேண்டுமே? கிராணியாரிடம் போனேன். விசில் என்றால் யார் வேண்டுமானாலும் ஊதிவிடலாம் ஐயா, ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு அடிக்கிறேன் என்றேன். 'யார் வேண்டுமானாலும்' என்று சொன்னபோது அவர் மனதில் யார் முகம் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். நல்ல யோசனை என்று அதையும் எழுதிக்கொண்டார், இந்தத் தடவை என் பெயரில் நல்லதாக. மறுநாளிலிருந்து தண்டவாளம்தான். எடை பழையபடி ஏறியது. கரிச்சான் ஊதினால் எங்கள் ஆட்கள் அதை 'விசில் காளியப்பன் காப்பி குடிக்கச் சொல்றாரு' என்று சொல்லிக் காப்பிப் போத்தலைத் திறப்பார்கள். பறவைதான் ஊதுகிறது என்று யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

குஞ்சுகள் பறந்தன. தத்தித் தத்தித் தரையில் திரிந்த நாலையும் நானும் காளியப்பனும் இரண்டு நாள் காவல் காத்தோம், பாம்பு வந்துவிடுமோ என்று. அதற்குப் பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டிய நாள் ஒவ்வொன்றாகப் போயிற்று. ஆறு மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தானே, நிரந்தரம் ஆனதும் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கெடு முடிகிற வாரத்தில் ராகவன் கிராணியார் எட்டாம் நம்பருக்கு வந்தார். காளியப்பன் நிரையில் நின்று மரத்தின் பட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு பக்கம், காளியப்பன் வாளியோடு மறு பக்கம். அப்போது ஊதியது. ஒரு நீளம், இரண்டு குட்டை. கிராணியார் நிமிர்ந்தார். கண்ணாடிக் குச்சியைப் பார்ப்பது போலவே மூச்சு விடாமல் அந்தக் கிளையைப் பார்த்தார். அது மறுபடியும் ஊதி வாலை வெட்டியது. அவர் காளியப்பனின் வாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பையிலிருந்து புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்தார்.

"எழுதிக்கவா, சரோஜா?"

அத்தனை வருடத்தில் அவர் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. எழுதினால் காளியப்பனின் கடிதம் ரத்தாகும். கூடவே, விசாரிக்காமல் ஓர் ஆளைப் பெரட்டில் வைத்து அவமானப்படுத்திய மண்டோர் என்று என் பெயரும் ஏறும். நான் தரையைப் பார்த்தேன். காய்ந்த ரப்பர் விதை ஒன்று என் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. இன்றைக்கும் அந்த விதை எனக்குக் கண்ணில் நிற்கிறது.

காளியப்பன்தான் வாயைத் திறந்தார். "இந்த மரம் பட்டுப் போச்சுங்கய்யா. சாய்க்கச் சொல்லலாம், இப்ப ஒண்ணும் இல்ல அதுல."

கிராணியார் இன்னும் கொஞ்ச நேரம் என் பதிலுக்காக நின்றார். பிறகு பென்சிலைப் பையில் செருகிக்கொண்டு அடுத்த நிரைக்கு நடந்தார். மறு வாரம் நான் நிரந்தர மண்டோர். அடுத்த வருடம் மூன்றாம் நம்பர் தீம்பாருக்கு மண்டோர் தேவைப்பட்டபோது காளியப்பன் பெயரைச் சொன்னார்கள். ஆபீசில் ஃபைலை எடுத்துப் பார்த்து, எச்சரிக்கைக் கடிதம் வாங்கிய ஆள் என்று தள்ளிவிட்டார்கள். அவர் கடைசி வரை உளிதான் பிடித்தார். ஒரு நாள்கூட அதை என்னிடம் சொல்லிக் காட்டவில்லை. விசில் என்று கூப்பிட்டால் ஓய் என்று திரும்புவார். அவர் பிள்ளைகள் விசில்காரர் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளுக்கு விசில் தாத்தா. அவரே சிரித்துக்கொள்கிறாரே, இனிமேல் எதற்குக் கிளற வேண்டும் என்று நானும் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டேன். மூராய் வாய் என்று ஹம்சா என்னைச் சொன்னது சரிதான். பேசக் கூடாத இடத்தில் கத்தினேன், பேச வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டேன். அந்தப் பறவைக்காவது நேரம் காலம் தெரியாமல் பாடிய குற்றம் ஒன்றுதான்.

அந்த ரப்பர் மரங்களெல்லாம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆனால் கரிச்சான்கள் எங்கும் போகவில்லை. செரண்டாவில் எங்கள் வீட்டு வேலிக் கம்பியிலும் ஒன்று வந்து வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதற்கு மோட்டார் சைக்கிள் அலாரம் சத்தம் தெரியும். என் ஊதல் தெரியாது.

காளியண்ணனுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை, ஆனால் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார் என்று அவர் மகள் சொன்னாள். ஒன்றுகூடலுக்கும் அழைத்து வருகிறாளாம். பெரட்டில் எல்லார் முன்னாலும் சொன்ன பொய்யைத் தனியாகப் போய்த் திரும்ப வாங்க முடியாது. அதனால்தான் மலரில் எழுதுகிறேன். காளியண்ணே, நீங்கள் ஊதவில்லை. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

யாழினி, பட்டியலில் பிழை இல்லை என்று சொன்னேன், இருக்கிறது. பதினேழாவது வரி. 'விசில்' என்பதை அடித்துவிட்டு, காளியப்பன் என்று மட்டும் போடு.

ராகவன் கிராணியார் இன்று உயிரோடு இல்லை. இருந்தாலும் அவர் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லாமல்தான் நிற்கிறேன்.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.